மனமுவந்து கொடுக்காத அறை

இதை எழுதுவதற்கென்று நான் வாங்கிய நோட்டுகள் எல்லாம் வேறு வேலைக்குப் போய்விட்டன. ஒன்றில் என் மனைவி ஊறுகாய்ப் பக்குவம் எழுதி வைத்தாள். ஒன்றைப் பேரப்பிள்ளைகள் கிழித்து மழைத் தண்ணீரில் கப்பல் விட்டார்கள். நான்கு வரி எழுதுவேன், கை நின்றுவிடும். காலையில் குளித்துத் திருநீறு பூசிப் பழனியாண்டவன் படத்துக்கு முன்னால் நின்ற பிறகுதான் காப்பித்தண்ணியைத் தொடுகிறவன் நான். அப்படி நின்றுவிட்டு வந்து, செத்துப்போன ஒரு மனிதரைக் குறைசொல்லி எழுத உட்கார்ந்தால் மனசு இடிக்கத்தானே செய்யும்.

என் தங்கைக்காகவும் தள்ளிப்போட்டேன். "எழுதுங்கண்ணே, வேண்டாம்னு சொல்லலை. நான் போனப்பறம் எழுதுங்க. என் கழுத்துல விழுந்த மாலை எப்படி வந்துச்சுன்னு நான் இருக்கையிலே ஊரு பேச வேண்டாம்" என்று அவள் ஒரு தடவை சொன்னாள். போன வருஷம் மார்கழியில் அவள் போய்ச் சேர்ந்தாள். காரியம் எல்லாம் முடிந்தது. இனி எனக்குத் தடை இல்லை. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லும் செய்தியில் பிழை இல்லை.

நான் குறைசொல்லப் போகிற மனிதர் ஒரு பேங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். மதராசிலும் கொழும்பிலும் இருந்துவிட்டு, அறுபதுகளின் தொடக்கத்தில் காரைக்குடிக்குத் திரும்பி வந்தார். வந்த இரண்டு வருஷத்துக்குள் ஊரில் எந்த நல்ல காரியத்தின் அழைப்பிதழை எடுத்தாலும் அவர் பெயர் மேலே இருந்தது. பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு கொடுத்தார். வழிப்போக்கர்களுக்குச் சத்திரம் கட்டினார். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிறவர்களுக்குச் சாப்பாடு போட்டார். ஊரார் முதலில் அவரைப் பேங்குக்காரர் என்றார்கள். பிறகு தருமவான் என்றார்கள். நான் இன்றுவரை பேங்குக்காரர் என்றுதான் சொல்கிறேன். என் வீட்டில் அந்தப் பெயர்தான் செல்லும்.

உயரமான ஆள். சலவை மடிப்புக் கலையாத வேட்டி. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தூணைத்தான் பார்ப்பார். விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, "பர்மாத் தேக்கு" என்பார். அதற்கப்புறம்தான் வீட்டு மனுஷர்களை நலம் விசாரிப்பார். பேங்கில் இருந்தபோது அடமானத்துக்கு வரும் சொத்தைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம் என்று என் தகப்பனார் சொல்வார், நாங்கள் அவரை அப்பச்சி என்போம். பழக்கமோ என்னவோ, அவர் போன பிறகு வீடு ஏதோ குறைந்துபோன மாதிரி எங்களுக்குத் தோன்றும்.

ஒரு சமயம் கண் சிகிச்சை முகாம் நடத்தினார். என் மாமியாருக்கு அதில்தான் புரை எடுத்தார்கள். கட்டு அவிழ்ப்பதற்கு முந்தின நாள், கண்ணில் பச்சைத் துணி கட்டிய நாற்பது கிழவர் கிழவிகளை வெளியே கொண்டுவந்து பெஞ்சு பெஞ்சாக உட்காரவைத்தார்கள். போட்டோ பிடிக்கிறவர் செக்காலையிலிருந்து வர வேண்டும், வரவில்லை. வெயில் ஏறியது. பேங்குக்காரர் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். குடை அவருக்கு மட்டும் இருந்தது. என் மாமியார் பக்கத்துக் கிழவியிடம், "கண்ணைக் கட்டி வரிசையா உக்கார வச்சிருக்காகளே, இப்ப நாம யாரைப் பாக்கணுமாம்?" என்று கேட்டாள். அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. என் மாமியாருக்குப் பார்வை திரும்பியது, சாகும்வரை ஊசியில் நூல் கோத்தாள். அது அவரால்தான். அதையும் எழுதத்தான் வேண்டும்.

இனி எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

தெருவின் ஒரு முனையில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம், அவ்வளவு நீள வீடு. ஆனால் அது எங்கள் வீடு இல்லை. எட்டுப் பங்காளிகளின் வீடு. எங்களுக்கு அதில் ஓர் இரட்டை அறையும், பின்கட்டில் ஓர் அடுப்படியும்தான் பாத்தியம். மற்ற ஏழு பங்காளிகளும் மதராஸ், கோயமுத்தூர், மலாயா என்று போய்விட்டவர்கள். கல்யாணத்துக்கு வருவார்கள், பூட்டைத் திறப்பார்கள், பூட்டுவார்கள். ஓட்டில் ஒழுகினால் எங்களுக்குத்தான் தெரியும். வருஷம் முழுக்க அதில் குடியிருந்தது நாங்கள்தான். அப்பச்சி, ஆத்தா, நான், தங்கை. பிறகு என் மனைவி.

அப்பச்சி ரங்கூனில் ஒரு கடையில் மேலாளாக இருந்தவர். சண்டை வந்தபோது நடந்தே வந்தார். கொண்டுவந்தது உடம்பு ஒன்றுதான். அந்த இரட்டை அறையின் உள் அறையில், பரண்மேல் ஓர் ஓலைப்பேழை இருந்தது. அதற்குள் அவருடைய தாயாரின் சேலை. வருஷத்துக்கு ஒரு தடவை அதை இறக்கி, துவைத்துக் காயவைத்து, அந்த அறையிலேயே இலை போட்டு, முன்னோருக்குப் படைப்போம். மறுபடி மடித்துப் பேழைக்குள் வைப்போம். அப்பச்சி ரங்கூனில் இருந்தபோது தாயார் இங்கே இறந்தார், முகம் பார்க்கவில்லை. படைக்கிற அன்றைக்கு மட்டும் அவர் யாரோடும் பேசமாட்டார். அந்த நாள் அவருக்கும் அவர் தாயாருக்கும் உரியது.

நான் செக்காலையில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்த்தேன். எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம் இருக்கும். அப்பச்சிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் கொஞ்சம் குழறியது. அந்தச் சமயத்தில்தான் பேங்குக்காரர் எங்கள் வீட்டுத் தூணைத் தட்ட வந்தார்.

பிரசவ ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்றார். கட்டக்கூட வேண்டாம், இந்த வீடே போதும் என்றார். வெளியூர்ப் பங்காளிகள் ஏழு பேருக்கும் முன்பே கடிதம் எழுதிச் சம்மதம் வாங்கியிருந்தார். அவர்களுக்கு அது பாரம். பாரத்தை இறக்கிவைத்தால் புண்ணியம் என்றால் யார் மாட்டேன் என்பார்கள். எங்களுக்கு அவர் சொன்ன வழி, சத்திரத்துக்குப் பின்னால் இரண்டு அறை இருக்கிறது, அங்கே இருந்துகொள்ளலாம் என்பது. ஆத்தா கேட்டுவிட்டு, "சத்திரத்துலயா? எங்களை வழிப்போக்கர்னு நெனச்சுட்டாகளா?" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

பங்காளிகள் கூடும் நாள் வந்தது. எங்கள் கூட்டங்களில் கையெழுத்துக் கிடையாது. நடுவில் ஒரு வெள்ளித் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம் வைத்திருக்கும். சம்மதம் என்றால் வீட்டுக்கு ஒரு புள்ளி எழுந்து வந்து தாம்பாளத்தைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் அது சபையில் கொடுத்த சொல். புள்ளி என்றால் கல்யாணமான ஆண்பிள்ளை. கல்யாணமானால்தான் எங்கள் குலக்கோயில் ஏட்டில் பெயர் ஏறும். அதுவரைக்கும் எத்தனை வயசானாலும் ஆள் கணக்கில் இல்லை.

அப்பச்சியால் எழுந்து வர முடியாது. என்னைக் கூப்பிட்டு, குழறிக் குழறி ஒன்றே ஒன்று சொன்னார். "எனக்கு உடம்பு சரியில்லைன்னு சொல்லு. பெறகு பதில் சொல்லுறோம்னு சொல்லு. வேறெதுவும் வேண்டாம்." இரண்டு தடவை என்னைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேட்டுக்கொண்டார்.

நடுமுற்றத்தைச் சுற்றின வளவில் ஜமுக்காளம் விரித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். வெளியூர்ப் பங்காளிகள் ஒவ்வொருவராக எழுந்து தொட்டார்கள். ஏழு பேரும் தொட்டாயிற்று. நான் ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். பேங்குக்காரர் என்னைப் பார்த்தார். அப்பச்சி வரவில்லையா என்று கேட்டிருந்தால் நான் பாடம் செய்துவைத்திருந்த பதிலைச் சொல்லியிருப்பேன். அவர் அதைக் கேட்கவில்லை. தன் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

"ஏன் அங்குட்டு நிக்கிறீக? இங்குட்டு வாங்க. போன வைகாசியோட நீங்களும் ஒரு புள்ளியில்ல. இவுகளுக்கு இதுதானப்பா முதல் சபை" என்று கடைசியில் சபையைப் பார்த்துச் சொன்னார்.

அதுவரை எல்லாருக்கும் நான் 'தம்பி', 'டேய்', 'இரும்புக்கடைப் பையன்'. அவ்வளவு பெரிய மனிதர் வாங்க போங்க என்று பேசி, தன் பக்கத்தில் இடம் விட்டுக் கூப்பிட்டார். கோயமுத்தூர்ப் பங்காளி ஒருவர் எழுந்து எனக்கு வழி விட்டார். நான் போனேன். தாம்பாளத்தைத் தொட்டேன்.

இத்தனை வருஷமும் இந்த இடத்தை நான் வேறு மாதிரிச் சொல்லி வந்திருக்கிறேன். ஏமாற்றித் தொட வைத்துவிட்டார் என்று என் மனைவியிடம் சொன்னேன், மருமகன்களிடம் சொன்னேன். அது பொய். தொட்டால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அப்பச்சி என்ன சொல்லி அனுப்பினார் என்பதும் அந்த நேரத்தில் ஞாபகத்தில் இருந்தது. முதல் தடவையாக என்னை ஒரு மனுஷனாகக் கணக்கில் எடுத்தார்கள். அந்த ருசியில் கை நீண்டுவிட்டது. முருகன் முன்னால் பல தடவை சொல்லிவிட்டேன். மனுஷர் முன்னால் இப்போதுதான் சொல்கிறேன்.

அறைக்குள் போனேன். அப்பச்சி கட்டிலில் சுவரில் சாய்ந்திருந்தார்.

"எல்லாரும் தொட்டாகளா?"

"தொட்டாக."

"நீயி?"

நான் குனிந்து கட்டிலடியில் கிடந்த செம்பை நகர்த்தி வைத்தேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"புள்ளின்னு கூப்பிட்டாகளாக்கும்."

நேரில் இருந்து பார்த்த மாதிரிச் சொன்னார். அதற்கப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனால் அவர் கையெழுத்துப் போடவில்லை. சபையில் சொல் கொடுத்தாலும் ரிஜிஸ்டிரார் ஆபீசில் பத்திரம் எழுத அவர் கைதானே வேண்டும். பையன் தொட்டது பையனுக்கு, என்னைக் கட்டாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். பேங்குக்காரர் கோபப்படவில்லை. ஆள் விட்டு மிரட்டவும் இல்லை. அடுத்த வாரம் அப்பச்சிக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தனுப்பினார். அவர் காத்திருந்தார். எதற்குக் காத்திருந்தார் என்பது எங்களுக்கு மூன்று நான்கு மாதம் கழித்துத் தெரிந்தது.

தங்கைக்கு வயசு இருபத்தி மூன்று ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் அது எல்லை கடந்த வயசு. எத்தனையோ வரன் வந்து தட்டிப்போய், பழனியாண்டவன் கிருபையில் ஓர் இடம் அமைந்தது. நல்ல பையன். கேட்டவர்கள் எல்லாம் நல்லதாகவே சொன்னார்கள். தை மாதம் நாள் குறித்தோம். இனி கோயிலுக்குப் போய் மாலைக்குச் சொல்ல வேண்டும்.

எங்களில் தாலி மட்டும் போதாது. பெண்ணின் கோயிலிலிருந்து பெண்ணுக்கும், மாப்பிள்ளையின் கோயிலிலிருந்து மாப்பிள்ளைக்கும் மாலை வர வேண்டும். மாலை வந்தால்தான் அந்தக் கல்யாணம் கோயில் ஏட்டில் ஏறும். மாலை வராமல் நடந்தால், பிறக்கிற பிள்ளைகளுக்கு நாளைக்கு யாரும் பெண் கொடுக்கவும் மாட்டார்கள், எடுக்கவும் மாட்டார்கள். மாலை அனுப்பச் சொல்கிற அதிகாரம் கோயில் காரியக்காரர்கள் கையில் இருந்தது. அந்த வருஷம் எங்கள் கோயிலுக்குக் காரியக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் வயதான மனிதர், காது கேட்காது. இன்னொருவர் பேங்குக்காரர்.

நான் அவர் வீட்டுக்குப் போனேன். பெரிய சுவர்க்கடிகாரத்துக்குக் கீழே உட்காரச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் ஆன பிறகு வந்தார். என் அப்பச்சியைவிட இரண்டு வயது மூத்தவர் என்பதால் முறைக்கு அவரைப் பெரியப்பச்சி என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டேன். மாலைக்குச் சொல்ல வந்திருக்கிறேன் என்றேன்.

"சந்தோசம். மாப்பிள்ளை வீடு நல்ல வீடு, நானும் விசாரிச்சேன்" என்றார். பிறகு துண்டால் கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு சங்கடம் இருக்கு தம்பி. சபையில தட்டைத் தொட்டுச் சொல்லு கொடுத்த வீடு. கொடுத்த சொல்லை இன்னும் நிறைவேத்தலை. அந்த வீட்டுக்குச் சாமி மாலையை நான் எந்த முகத்தோட அனுப்புறது?"

மறுபடி தம்பி ஆகிவிட்டேன் என்பதை அப்போதும் கவனித்தேன்.

"தொட்டது நான், பெரியப்பச்சி. கல்யாணம் தங்கச்சிக்கு."

"வீடு ஒண்ணுதானே." குரல் ஏறவே இல்லை. "நான் எனக்கா கேக்குறேன்? போன மாசம் ஒரு புள்ளத்தாச்சியை மாட்டுவண்டியில தூக்கிப் போட்டுச் சிவகங்கைக்குக் கொண்டுபோனாக. பாதி வழி தாண்டலை. அதுக்குக் கேக்குறேன். உங்க அப்பச்சிக்கு ஒரு அறை பெருசா, இது பெருசா? நீயே சொல்லு."

இன்றைக்கும் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. ஆனால் பதில் தெரியாத கேள்வியைக் கேட்டுவிட்டு ஒரு பெண்ணின் மாலையைப் பிடித்து வைத்துக்கொள்வதற்குப் பெயர் தருமம் இல்லை என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் ஆத்தா தானே போனாள், நானும் கூடப் போனேன். அவள் உள்ளே போகவில்லை. வாசல்படியிலேயே நின்றுகொண்டு பேசினாள். "ஊருக்கெல்லாம் பிள்ளை பெத்துக்க எடம் தேடுறீக. பெத்து வளத்த பிள்ளைக்கு ஒரு மாலை கேட்டு நான் உங்க வாசல்ல நிக்கிறேன்" என்றாள். அவர் எழுந்து வந்து, "வெயில்ல வந்திருக்கீக. மோர் குடிச்சுட்டுப் போங்க" என்றார். வேலைக்காரம்மா செம்போடு வந்தாள். ஆத்தா செம்பைப் பார்த்தாள். "இந்த வீட்டு மோரு எனக்குத் தொண்டையில எறங்காது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். தெரு முனைவரை நிமிர்ந்து நடந்தவள், திரும்பினதும் ஒரு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

காது கேட்காத காரியக்காரரிடம் போய்க் கத்திச் சொன்னேன். அவருக்கு நான் சொன்னது கேட்டது. பேங்குக்காரர் பெயரைச் சொன்ன பிறகு மட்டும் எதுவும் கேட்கவில்லை. இதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்குச் செய்தி எட்டிவிட்டது. அங்கிருந்து ஒரு ஆள் வந்து, மரியாதையாகத்தான் பேசினார், மாலை வருமா வராதா என்று தை பிறப்பதற்குள் தெரிந்தால் தேவலை என்றார். தங்கை அன்றைக்கு முழுவதும் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அவள் ஒரு வார்த்தை அழுது கேட்டிருந்தால் அப்பச்சிக்கு மறுப்பதற்கு ஓர் இடமாவது கிடைத்திருக்கும். அவள் கேட்கவில்லை. இருந்த அரிசியைத் திரும்பத் திரும்பப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அப்பச்சி என்னைக் கூப்பிட்டார்.

"வண்டி கூட்டியா" என்றார்.

ரிஜிஸ்டிரார் ஆபீசில் பேங்குக்காரர் முன்பே வந்திருந்தார். அப்பச்சியைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் பெஞ்சில் உட்காரவைத்தேன். பத்திரம் எழுதுகிறவர் முழுவதையும் வாசித்தார். நடுவில் 'மனமுவந்து, எவருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி' என்று வந்தது. அப்பச்சி இடது கையைத் தூக்கினார்.

"அதை அடிச்சிருங்க."

பத்திரக்காரருக்குப் புரியவில்லை. நான் எடுத்துச் சொன்னேன். அது எல்லாத் தானப் பத்திரத்திலும் வருகிற வாசகம், அது இல்லாவிட்டால் பத்திரம் செல்லாது என்றார் அவர். அப்பச்சி பேங்குக்காரர் பக்கம் திரும்பினார்.

"நான் மனசோட கொடுக்கலை. ஒங்களுக்குத் தெரியும்ல?"

"பெரிய புண்ணியம்" என்றார் பேங்குக்காரர். கேட்டதற்கு அது பதிலே இல்லை. ரங்கூனில் முத்து முத்தாக எழுதின கை மடியில் கிடந்தது. இடது பெருவிரல் ரேகைதான் வைக்க வேண்டும். அப்பச்சி விரலை மடக்கிக்கொண்டார். பேங்குக்காரர் குனிந்து, தானே அந்தப் பெருவிரலைப் பிரித்துப் பிடித்து, மையில் ஒற்றி, பத்திரத்தில் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். பிறகு தன் துண்டாலேயே அப்பச்சியின் விரலைத் துடைத்துவிட்டார். அங்கே நின்றவர்கள் அதைப் பார்த்து உருகினார்கள். எத்தனையோ தடவை எத்தனையோ பேர் விரலைப் பிடித்த கை அது என்று எனக்குத் தோன்றியது.

மாலை வந்தது. அதே வளவில் கல்யாணம் நடந்தது. எல்லாரும் கோயில் மாலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அப்பச்சியிடம் கொண்டுபோனபோது, "பிள்ளைக்குப் போடுங்க" என்றார், அவர் தொடவில்லை. சாமி மாலையை அவர் தொடாமல் விட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். என் தங்கை நன்றாக வாழ்ந்தாள். மூன்று பிள்ளைகள் பெற்றாள். அந்த வீட்டில் அவளை யாரும் ஒரு சொல் சொன்னதில்லை.

பங்குனியில் வீட்டைக் காலி செய்தோம். சத்திரத்து அறைக்குப் போகவில்லை. செக்காலையில் ஒரு சந்துக்குள் வாடகைக்கு இடம் பார்த்தேன். ஓலைப்பேழையை நானே தலையில் வைத்துக் கொண்டுவந்தேன். அந்த வருஷம் படைக்கிற நாள் வந்தபோது ஆத்தா பேழையை இறக்கச் சொன்னாள். அப்பச்சி வேண்டாம் என்றார்.

"இங்கன எங்க ஆத்தாவுக்கு வழி தெரியாது."

அவ்வளவுதான் சொன்னார். ஆடி மாதம் அவரும் போய்விட்டார்.

நான் அந்த வீட்டுப் பக்கம் இரண்டு வருஷம் போகவில்லை. என் மனைவிக்கு இரண்டாவது பிரசவ வலி நாளுக்கு முன்பே வந்துவிட்டது. பிள்ளை புரண்டு கிடந்தது. வேறு வழியில்லாமல் ரிக்‌ஷாவில் வைத்து அங்கேதான் கொண்டுபோனேன். வளவு முழுவதும் ஆறு கட்டில் போட்டிருந்தார்கள். மலையாளத்து நர்ஸ் அம்மா ஒருவர், ஒரு பகல் முழுக்க என் மனைவி பக்கத்தை விட்டு நகராமல் நின்று, தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடுத்தார். அந்த அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் நன்றாக இருக்கட்டும்.

ஒரு கடுதாசியில் கையெழுத்துப் போட வேண்டும், ஆபீஸ் அறைக்குப் போங்கள் என்றார்கள். வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் இரட்டை அறைதான் ஆபீஸ். அதற்குள் கட்டில் இல்லை, மருந்து இல்லை. ஒரு மேஜை, ஒரு சுழல் நாற்காலி, சுவரில் அவர் படம். பேழை இருந்த பரணில் ரசீதுப் புத்தகக் கட்டுகள். யார் உட்காருவார்கள் என்று கேட்டேன். ஐயா மாதத்துக்கு ஒரு நாள் வருவார்கள் என்றார் குமாஸ்தா.

ஆஸ்பத்திரிக்கு எங்கள் அறை தேவைப்படவே இல்லை. அப்பச்சியை அதில் விட்டுவைத்து மற்றதை எல்லாம் எடுத்திருக்கலாம். ஆறு கட்டிலுக்கு அந்த வீட்டில் இடமா இல்லை?

வெளியே வரும்போதுதான் முன்வாசல் சுவரில் பதித்த சலவைக்கல்லைப் பார்த்தேன். இந்த இல்லத்தை மனமுவந்து அளித்தவர்கள் என்று எழுதி, எட்டுப் பெயர். முதல் பெயர் என் அப்பச்சியுடையது.

எழுபதுகளில் ஒரு தைப்பூசத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். வழியில் அவர் பந்தல். பசி கண்ணை இருட்டியது, ஆனாலும் ஒதுங்கி நின்றேன். அவர் முதுமையில் தளர்ந்திருந்தார். என்னை அடையாளம் கண்டுகொண்டு, தானே ஒரு தொன்னையில் புளியோதரை எடுத்துக்கொண்டு வந்தார்.

"இன்னும் மனசுல வச்சிருக்கீகளாக்கும்."

"அந்தக் கல்லுல எங்க அப்பச்சி பேரை எடுத்துருங்க, பெரியப்பச்சி. அது போதும்."

அவர் நிஜமாகவே திகைத்தார். நடிப்பில்லை, நான் அந்த முகத்தைப் பார்த்தேன். "எடுக்குறதா? உங்க அப்பச்சி பேரைத்தானே முதல்ல வெட்டச் சொன்னேன். பத்தடி தள்ளி நின்னாலும் தெரியுமே. அவுகளுக்கு வேற எதுல அந்தப் பேரு வரும்?"

அவர் மரியாதை செய்திருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தார். பறித்தது என்ற நினைப்பே அவரிடம் இல்லை. அதற்கப்புறம் என் கோபம் கூடினதே ஒழியக் குறையவில்லை. தெரிந்து செய்தவரை ஒரு நாள் மன்னித்திருப்பேன். தொன்னையை வாங்காமல் நடந்தேன். அந்தத் தடவை மலையேறி நின்றபோது எனக்காக ஒன்றும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

சில வருஷத்தில் அவர் இறந்தார். கடைகளை அடைத்தார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். என் மனைவி, பிள்ளை அங்கே பிறந்ததற்காக, குளித்துவிட்டுப் போய் ஒரு கும்பிடு போட்டு வந்தாள். நான் தடுக்கவில்லை, போகவும் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் அடுத்தவருக்கு வாயால் சொல்வீர்களோ, எழுதிக் கொடுப்பீர்களோ, எனக்குத் தெரியாது. எப்படியானாலும் இருக்கிறபடியே கொடுங்கள். அவரை இன்னும் கெட்டவராக்க வேண்டாம். அவரால் கண் தெரிந்தவர்கள் உண்டு, அங்கே பிறந்த பிள்ளைகள் உண்டு, என் பிள்ளையும் அதில் ஒன்று. என்மேல் இரக்கப்பட்டு, பாவம் ஏமாந்துவிட்டான் என்று மாற்றவும் வேண்டாம். நான் தெரிந்தேதான் தொட்டேன். ஆனால் அந்த அறையை என் அப்பச்சி கொடுக்கவில்லை. அவர் விரலைப் பிடித்து வாங்கிக்கொண்டார்கள். கல்லை எடுக்க என்னால் முடியவில்லை. அந்த அறையைப் பற்றிய இந்த இரண்டு வரியையாவது ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல் சொல்லுங்கள்.